கடைக்காரி சொல்கிறேன், பிள்ளையைக் கடைக்கு அனுப்புங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில் சின்னதாக ஒரு பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். மாமனார் தொடங்கிய கடை. அவருக்குப் பிறகு கணவர், இப்போது பெரும்பாலும் நான்தான். அரிசி, பருப்பு, சீனி, சவர்க்காரம், காலையில் பாண், பின்னேரத்தில் கொஞ்சம் மரக்கறி. மேசைக்கு மேலே கண் மட்டும் தெரிய நின்று டொபி கேட்ட பெடியன்கள் இப்போது தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேச எனக்குப் படிப்பு இல்லை. ஆனால் கடைக்கு வரும் பிள்ளையைப் பற்றிப் பேசச் சொன்னால் விடிய விடியப் பேசுவேன்.

முன்பு இரண்டாம் மூன்றாம் வகுப்பிலேயே தனியாக வந்தார்கள். இப்போது பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் வருவதில்லை. ஃப்ளாட்டிலிருந்து அம்மா வாட்சப்பில் பட்டியல் அனுப்புகிறார், நாங்கள் கடைப் பையனிடம் கொடுத்து விடுகிறோம். வியாபாரத்துக்கு அது வசதிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு இரவு பகலாகக் கணக்குச் செய்யும் பிள்ளையிடம் ஒரு றாத்தல் பாண் என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். அம்மாவின் முகத்தைப் பார்க்கும்.

பயமாக இருக்கிறது என்கிறீர்கள். காலி வீதி வாகனங்களைப் பார்த்தால் எனக்கும்தான் பயம். அதனால்தான் எப்படி அனுப்புவது என்று எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. பிள்ளையிடம் காசைக் கொடுத்து அனுப்பலாம், பையைக் கொடுத்து அனுப்பலாம். உங்கள் பொய்யையும் வெட்கத்தையும் மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். காசைப் பிடித்ததால் பிள்ளைக்கு வெள்ளை மனம் போய்விடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். காசு பிடித்துக் கெட்ட பிள்ளையை நான் கண்டதில்லை. பெரியவர்கள் சொல்லச் சொன்னதைச் சொல்ல முடியாமல் என் மேசைக்கு முன்னால் நின்று கூனிக் குறுகிய பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன்.

எப்போது, எப்படித் தொடங்குவது

வயதைக் கேட்டால் ஏழு, எட்டு என்பேன். ஆனால் வயதை விட வேறு சிலதைப் பாருங்கள். வீட்டு இலக்கத்தையும் ஒழுங்கையின் பெயரையும் பிள்ளை தடுமாறாமல் சொல்கிறதா? அம்மாவின் போன் இலக்கம் மனப்பாடமா? நூறிலிருந்து எழுபதைக் கழித்துச் சொல்லுமா? பந்து வீதிக்கு ஓடினால் பின்னாலேயே ஓடாமல் நிற்குமா? கடைசிக் கேள்விக்கு இல்லை என்பது பதிலானால் இன்னும் ஆறு மாதம் பொறுங்கள், மற்றது எல்லாம் சரியாக இருந்தாலும்.

தொடக்கத்தில் காலி வீதியைக் கடக்க வேண்டிய கடை வேண்டாம். மரைன் டிரைவ் பக்கமும் வேண்டாம். அங்கே வாகனம் பறக்கிறது, அதைத் தாண்டினால் ரயில் பாதை. உங்கள் ஒழுங்கைக்குள்ளேயே, உங்கள் பக்கத்திலேயே இருக்கும் கடை போதும். அங்கே சாமான் பத்து ரூபாய் கூட விலையாக இருந்தாலும் அங்கேயே அனுப்புங்கள். ஒழுங்கைக்குள்ளும் ஓட்டோ பின்னுக்கு எடுக்கும், மோட்டார் சைக்கிள் சத்தமில்லாமல் வரும். முதலில் வலது பக்கம், பிறகு இடது பக்கம், மறுபடி வலது பக்கம். நாமே செய்து காட்டினால்தான் பிள்ளை செய்யும். கையைக் காட்டிக்கொண்டு குறுக்கே ஓடும் அம்மாவின் பிள்ளையும் கையைக் காட்டிக்கொண்டுதான் ஓடும். அது நிற்கும் உயரத்தில் எந்தச் சாரதிக்கும் அந்தக் கை தெரியாது.

முதலில் நீங்களும் கூட வாருங்கள். ஆனால் வாயைத் திறக்காதீர்கள். பேசுவது பிள்ளை, காசு கொடுப்பது பிள்ளை, மிச்சம் வாங்குவது பிள்ளை. இது கேட்க இலகுவாக இருக்கும், செய்துபார்த்தால் தெரியும் எவ்வளவு கஷ்டம் என்று. பிள்ளை "அன்ரி..." என்று இழுப்பதற்குள் பின்னாலிருந்து "ஒரு கிலோ சீனியாம்" என்று அம்மா சொல்லி முடித்திருப்பார். பிள்ளைக்கு நேரம் கொடுங்கள். எனக்கு அவசரம் இல்லை. பின்னால் நிற்பவருக்கு அவசரம் என்றால் அவர் பொறுப்பார்.

அடுத்த கட்டத்தில் நீங்கள் வீட்டுக் கேற்றடியில் நில்லுங்கள், பிள்ளை மட்டும் வரட்டும். அதற்குப் பிறகு பல்கனியிலிருந்து பார்த்தால் போதும். இதற்கிடையில் ஒரு நாள் கடைக்காரரிடம், "இனிமேல் மகன் தனிய வருவான், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கோ" என்று சொல்லிவிடுங்கள். இப்படிச் சொல்லிவிட்டுப் போன வீட்டுப் பிள்ளை வந்தால் என் கண் தானாகவே அது வாசல் தாண்டும் வரைக்கும் போகும். எந்தக் கடைக்காரருக்கும் அப்படித்தான்.

நேரத்தையும் பாருங்கள். பள்ளிக்கூடம் விட்டு வான்கள் ஒழுங்கைக்குள் நெரிபடும் நேரம் ஆகாது. பின்னேரம் வேலை விட்டு எல்லாரும் வரும் நேரமும் ஆகாது. மாலை நாலு, நாலரைக்குக் கடை ஓய்வாக இருக்கும். சனிக்கிழமை காலை பத்து மணியும் நல்ல நேரம்.

என்ன வாங்க அனுப்புவது

ஒரே ஒரு சாமான். அதுவும் அன்றைக்கு வீட்டுக்கு உண்மையாகவே தேவையான சாமானாக இருக்கட்டும். பழக்குவதற்காக என்று தேவையில்லாத பிஸ்கட் பக்கெட்டை வாங்க அனுப்பினால் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். தான் வாங்கிவந்த தேங்காயில் சம்பல் இடித்து இராச்சாப்பாட்டுக்கு வைக்கும்போது அந்தப் பிள்ளை நிமிர்ந்து உட்காரும் விதமே வேறு.

சாமானின் பெயரை முழுதாகச் சொல்லி அனுப்புங்கள். சீரகம் என்றால் பெரிய சீரகமா, சின்னச் சீரகமா? மா என்றால் கோதுமை மாவா, அரிசி மாவா, அரிசி மாவிலும் சிவப்பா வெள்ளையா? எங்கள் ஒழுங்கையில் ஒரு பெடியன் இருக்கிறான், ஆறரை வயது இருக்கும். கையில் காசைப் பொத்திப் பிடித்தபடி வந்து, "சீரகம்" என்றான். எது என்று கேட்டேன். இரண்டு போத்தலையும் எடுத்துக் காட்டினேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான், மணந்து பார்த்தான், பிறகு ஒன்றும் சொல்லாமல் ஓடிவிட்டான். மூச்சு வாங்கத் திரும்பி வந்து, "ரசத்துக்குப் போடுறதாம். இறைச்சிக்குப் போடுறதைத் தந்தா அம்மாவே வந்து மாத்துவாவாம்" என்றான். சின்னச் சீரகத்தைக் கட்டிக் கொடுத்தேன். இனி அவன் வாழ்நாளில் சீரகம் மாறாது. அம்மா துண்டில் எழுதி அனுப்பியிருந்தால் சீரகம் சரியாகப் போயிருக்கும், அந்த ஓட்டம் நடந்திருக்காது. அதனால் துண்டு எழுதுவதை நான் ஊக்குவிப்பதில்லை. மூன்று சாமானுக்கு மேல் போனால் பிள்ளையே எழுதட்டும், எழுத்துப் பிழையோடு.

சில சாமான்களுக்குப் பிள்ளையை அனுப்பவே கூடாது. சிகரெட் முதலாவது. இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரெட்டோ சாராயமோ விற்கக்கூடாது என்று 2006ஆம் ஆண்டு புகையிலை, மதுசாரச் சட்டம் சொல்கிறது. "அப்பாவுக்குத்தான் அன்ரி" என்று பிள்ளை சொன்னாலும் கொடுக்க முடியாது, கொடுத்தால் மாட்டுவது நான். நான் இல்லை என்று சொன்னதும் அந்தப் பிள்ளை பயப்படுவது வெறுங்கையோடு போய் அப்பாவுக்கு முன்னால் நிற்பதற்குத்தான். ஐயா, உங்கள் சிகரெட்டுக்கு நீங்களே நடந்து வாருங்கள். மருந்து, பிளேட், மண்ணெண்ணெய் இதெல்லாமும் அப்படித்தான்.

காசைப் படிக்கப் பழக்குவது

பிள்ளைகளுக்கு நோட்டுத் தாள்களைக் காட்டிக் கொடுக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. 2011இலிருந்து புழங்கும் வழமையான தாள்களில் ஒவ்வொன்றிலும் ஒரு குருவியும் வண்ணத்துப்பூச்சியும் இருக்கின்றன. இருபது ரூபாயில் ஆந்தை. ஆயிரத்தில் பச்சைக் கிளி. ஆனால் ஐந்நூறிலும் கிளிதான், ஆகவே கிளியை மட்டும் நம்பினால் சரிவராது, நிறத்தையும் பார்க்க வேண்டும். ஐந்நூறு ஊதா, ஆயிரம் பச்சை, நூறு செம்மஞ்சள். பெறுமதி கூடக் கூடத் தாளின் நீளமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். ஓரத்தில் கண் தெரியாதவர்களுக்காக மேடாகப் புள்ளிகள் இருக்கும். பிள்ளையைக் கண்ணை மூடச் சொல்லித் தடவிக் கண்டுபிடிக்க விடுங்கள். மழை நாளில் ஃப்ளாட்டுக்குள் அடைபட்டிருக்கும்போது நல்ல விளையாட்டு. ஓரளவு புதிய தாளாக இருக்க வேண்டும், மீன் சந்தையிலிருந்து வந்த தாளில் புள்ளியும் தெரியாது, கிளியும் தெரியாது.

கொடுத்து அனுப்பும் காசு சாமான் விலைக்குக் கொஞ்சம் கூட இருக்கட்டும், அப்போதுதான் மிச்சம் வாங்கப் பழகும். ஐயாயிரம் ரூபாய்த் தாளைக் கொடுத்து அரை றாத்தல் பாண் வாங்க அனுப்பாதீர்கள். பிள்ளைக்கும் பாரம், காலை ஏழு மணிக்கு என் லாச்சியிலும் அவ்வளவு சில்லறை இருக்காது.

என்ன விலை வரும் என்று அண்ணளவாகச் சொல்லிவிடுங்கள். மிச்சத்தை மேசைக்கு முன்னாலேயே எண்ணச் சொல்லுங்கள், வீதியில் நடந்துகொண்டு எண்ணக் கூடாது. கடைக்காரர் முன்னால் எண்ணினால் மரியாதைக் குறைவு என்று சில வீடுகளில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அதில் ஒரு மரியாதைக் குறைவும் இல்லை. நின்று எண்ணும் பிள்ளையைப் பிடிக்கும்.

எண்ணி, குறைவாக இருந்தால் என்ன சொல்வது என்பதை வீட்டிலேயே பழக்குங்கள். "அன்ரி, இருபது ரூபாய் குறையுது, ஒருக்கால் பாருங்கோ." அவ்வளவுதான். கூடுதலாக இருந்தாலும் அதே குரலில் சொல்ல வேண்டும். கூட்ட நேரத்தில் மிச்சக் காசு கூடப் போவது எந்தக் கடையிலும் நடப்பதுதான். அப்படி ஒருநாள் ஒரு பெண்பிள்ளை பாதி வழி போய்த் திரும்பி வந்து நூறு ரூபாயை மேசையில் வைத்தாள். "நீங்கள் கூடத் தந்திட்டீங்கள் அன்ரி. பிறகு கணக்குப் பார்க்கேக்க உங்கட அம்மா உங்களுக்கு ஏசுவா." என் அம்மா போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம். அதை அவளுக்குச் சொல்லவில்லை. சரி குஞ்சு, நல்ல வேளை கொண்டுவந்தாய் என்றேன். நேர்மை என்றால் என்ன என்று யாரும் அவளுக்குப் பாடம் எடுத்திருக்க மாட்டார்கள். கடைக்காரிக்கும் வீட்டில் ஏச்சு விழும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது, அதுவே போதுமானதாக இருந்தது. இப்படி வந்து சொல்லும் பிள்ளைக்கு டொபி கொடுக்கலாமா என்று கேட்பார்கள். நான் கொடுப்பதில்லை. திரும்பிக் கொண்டுவந்து தருவது வழமையான காரியம்தான் என்று அது நினைத்துக்கொண்டே போகட்டும்.

பக்கெட்டில் அச்சடித்திருக்கும் விலையையும் முடிவுத் திகதியையும் பார்க்கப் பழக்குங்கள். அச்சடித்த விலைக்கு மேல் விற்பது சட்டப்படி பிழை, நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம். ஒரு றாத்தல் பாண் 450 கிராம் இருக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளை இதை மரியாதையாகக் கேட்டால் நல்ல கடைக்காரருக்குக் கோபம் வராது. வந்தால், கடையை மாற்றுங்கள்.

இன்னொரு வாக்கியமும் பழக்க வேண்டும்: "நான் முதலே வந்தனான்." பிள்ளை நிற்பதே தெரியாதது போல மேலால் கை நீட்டும் பெரியவர்கள் எல்லா மொழியிலும் இருக்கிறார்கள். எங்கள் ஒழுங்கையில் தமிழ், சிங்களம், முஸ்லிம் எல்லா வீடும் உண்டு, ஆகவே பிள்ளைகள் அந்த வாக்கியத்தைச் சிங்களத்திலும் சீக்கிரமே பிடித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், வாழ்க்கையில் மற்ற எந்தப் பாடத்தை விடவும் இது அதிக நாளுக்கு உதவும்.

கடன் கொப்பி

இது கொஞ்சம் மனம் நோகும் விஷயம், ஆனாலும் சொல்ல வேண்டும். எங்கள் கடையில் கடன் கொப்பி இருக்கிறது. மாசக் கடைசியில் பல வீடுகளுக்கு அது இல்லாமல் முடியாது. கடன் வாங்குவதில் ஒரு அவமானமும் இல்லை, வாங்கியவர்கள் பெரும்பாலும் கொடுக்கிறார்கள். ஆனால் கடன் கேட்பதற்குப் பிள்ளையை அனுப்புகிறார்களே, அதுதான் கூடாது.

ஏன் அனுப்புகிறார்கள் என்று எனக்குத் தெரியும். பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் கடைக்காரி இல்லை என்று சொல்ல மாட்டாள். உண்மைதான், சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளையைப் பாருங்கள். கடையில் மற்ற ஆட்கள் போகும் வரைக்கும் ஓரமாக நிற்கும். போன மாதக் கணக்கு இன்னும் தீரவில்லை என்று அதற்குத் தெரியும். குரல் இறங்கி, "அம்மா எழுதச் சொன்னவ" என்று மேசையைப் பார்த்துச் சொல்லும். வகுப்புத் தோழி அந்த நேரம் உள்ளே வந்துவிட்டால் வந்த காரியத்தைச் சொல்லாமலே போய்விடும். ஒரு போன் எடுத்து, "அக்கா, மகளை அனுப்புறன், கணக்கில எழுதுங்கோ" என்று நீங்கள் சொல்லுங்கள். பிறகு பிள்ளை வந்து சாமானை மட்டும் வாங்கிக்கொண்டு போகட்டும். கடன் அதே கடன்தான். கேட்டது யார் என்பதுதான் வித்தியாசம்.

கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்க ஆள் வந்தால், "அப்பா வீட்டில இல்லை எண்டு சொல்லு" என்று பிள்ளையை வாசலுக்கு அனுப்புவதும் இதே இனம். பிள்ளை போய், "அப்பா தான் வீட்டில இல்லையாம்" என்று சொல்லிவிடும். நாம் சிரிப்போம், பிறகு ஏசுவோம். அந்த ஏச்சில் அது என்ன படிக்கிறது என்று யோசியுங்கள்.

2022 பொருளாதார நெருக்கடி நினைவிருக்கும். பால்மா இல்லை, காஸ் இல்லை, கரண்ட் இல்லை. பிறகு சாமான் வரத் தொடங்கியது, ஆனால் விலை தொட முடியாத இடத்தில் இருந்தது. அப்போது ஒரு சின்னவன் என் தட்டில் பால்மா பக்கெட்டைக் கண்டுவிட்டுத் திகைத்து நின்றான். "அம்மா கடையில இல்லை எண்டுதானே சொன்னவ?" நான் என்ன சொல்வது? இண்டைக்குத்தான் வந்தது ராசா என்றேன். அந்த அம்மாவை நான் குற்றம் சொல்லவில்லை, அந்த நேரம் எல்லாருக்கும் நாக்கு அப்படித்தான் புரண்டது. ஆனாலும் பெற்றோருக்குச் சொல்கிறேன், காசு இல்லை என்றால் இல்லை என்றே சொல்லலாம். "கடையில இருக்கு, ஆனா இந்த மாசம் எங்களால வாங்க ஏலாது. அடுத்த மாசம் பார்ப்பம்." அழும். அரை மணி நேரத்தில் விளையாடப் போய்விடும். நீங்கள் சொல்வது நம்பக்கூடியது என்பதை மட்டும் மறக்காது.

பொக்கற்றுக்குள் போன டொபி

நடக்கும். உங்கள் பிள்ளையும் செய்யும். டொபிப் போத்தல் பிள்ளையின் கை உயரத்தில்தான் இருக்கிறது, அது வியாபாரத் தந்திரம், அதை மறைத்துப் பேசிப் பயனில்லை. ஆறேழு வயதில் கை அதில் போவது களவுப் புத்தி அல்ல. ஆசையும் கையும் முதலில் போய்விடுகின்றன, யோசனை பிறகுதான் வருகிறது.

நான் கண்டால் சத்தம் போட மாட்டேன். மற்றச் சாமானைக் கணக்குப் பார்க்கும்போது, "பொக்கற்றில இருக்கிறதையும் சேர்க்கட்டோ?" என்று மெதுவாகக் கேட்பேன். பெரும்பாலும் அந்த இடத்திலேயே வெளியே வந்துவிடும்.

நீங்கள் வீட்டில் கண்டுபிடித்தால் செய்ய வேண்டியது இதுதான். அடிக்காதீர்கள், "கள்ளன்" என்ற பெயரை விளையாட்டுக்கும் வைக்காதீர்கள். அண்ணன், சித்தி, பக்கத்து வீட்டு மாமி என்று ஒருவருக்கும் சொல்லிச் சிரிக்காதீர்கள். கடையில் ஆள் குறைந்த நேரமாகப் பார்த்துக் கூட்டி வாருங்கள். இரண்டு அடி பின்னால் நில்லுங்கள். பிள்ளையே டொபியைத் தரட்டும், தின்று முடித்திருந்தால் தன் உண்டியல் காசிலிருந்து விலையைத் தரட்டும். பேச வேண்டியது ஒரு வரிதான்: "கேட்காமல் எடுத்திட்டன், இந்தாங்கோ." நான் வாங்கிக்கொண்டு, சரி ராசா என்பேன். முடிந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் திரும்பவும் அந்தக் கதையை எடுக்காதீர்கள்.

காதைத் திருகியபடி இழுத்து வந்து, சனத்துக்கு முன்னால், "இவனைப் பொலிசில பிடிச்சுக் குடுங்கோ" என்று சொல்லும் அப்பாமாரையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை களவெடுக்கக் கூடாது என்று படிக்காது, அடுத்த முறை பிடிபடக் கூடாது என்றுதான் படிக்கும். பொலிசைச் சொல்லிப் பயங்காட்டுவதில் இன்னொரு கேடும் இருக்கிறது. ஆடிவேல் திருவிழாக் கூட்டத்தில் கை விட்டுப்போனால் அந்தப் பிள்ளை யாரிடம் போய் நிற்க வேண்டும்? சீருடையைக் கண்டதும் ஒளிக்கும் பிள்ளையாக்கி வைத்துவிட்டால் என்ன செய்வீர்கள்?

அந்நியர் பற்றி

"தெரியாத ஆக்களோட கதைக்காதே" என்று சொல்லிக் கடைக்கு அனுப்ப முடியாது. கடையே தெரியாத ஆட்களால் நிறைந்ததுதான். அதைவிட இப்படிச் சொல்லுங்கள்: யாராவது, "அம்மா உன்னைக் கூட்டிவரச் சொன்னவ" என்றால் நம்பாதே, திரும்பிப் பக்கத்துக் கடைக்குள் ஏறு. யாரும் உன்னைக் கடையின் உள் அறைக்குக் கூப்பிடக் கூடாது. யாரும் சும்மா சாமான் தந்து, வீட்டில் சொல்லாதே என்று சொல்லக் கூடாது. கன்னத்தைக் கிள்ளுவதும் மடியில் இருத்துவதும் உனக்குப் பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லலாம், பெரியவர் என்றாலும் சொல்லலாம். இது தெரிந்த ஆட்களுக்கும் பொருந்தும், கடைக்காரருக்கும் பொருந்தும், எங்கள் கடைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 1929 என்ற இலக்கம் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையுடையது, அதைக் குளிரூட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள். ஃப்ளாட்டில் இருப்பவர்கள் லிஃப்ட் விஷயத்தையும் பேசுங்கள். தனியாக இருக்கும்போது ஏறப் பிடிக்காத ஆள் நின்றால் அடுத்த லிஃப்டில் வரலாம், பிந்தினால் ஏச மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

வாசலில் நின்று "ஏன் இவ்வளவு நேரம்?" என்று தொடங்காதீர்கள். பூனையைப் பார்த்திருக்கும். பாட்டுப் போட்டபடி வந்த பாண் ஓட்டோவுக்குப் பின்னால் கொஞ்சத் தூரம் நடந்திருக்கும். அதெல்லாம் இந்தப் பயணத்தில் சேர்த்திதான். சாமானை வாங்குங்கள், மிச்சத்தை மேசையில் வைத்து ஒருமுறை ஒன்றாக எண்ணுங்கள், முடிந்தது. மாற்றிக் கொண்டுவந்தாலும் பரவாயில்லை. மைசூர்ப் பருப்புக்குப் பதில் கடலைப் பருப்பு வந்தால் அன்றைக்குக் கடலைப் பருப்புக் கறி. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பிள்ளையையே திருப்பி அனுப்புங்கள், பக்கெட்டை உடைக்காமல்.

ஒவ்வொரு முறையும் "மிச்சத்தை நீயே வைச்சுக்கொள்" என்று சொல்லும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. சில நாளிலேயே பிள்ளை மிச்சம் எவ்வளவு வரும் என்று கணக்குப் பார்த்துத்தான் கிளம்பும், சின்னப் பக்கெட்டாகப் பார்த்து வாங்கும். வீட்டு வேலைக்குக் கூலி வேண்டாம். சொந்தக் காசு என்று வேறாக இருக்கட்டும். சித்திரை வருஷத்துக்குக் கிடைக்கும் கைவிசேடம் இருக்கிறதே, அது பிள்ளையின் காசு. முஸ்லிம் வீடுகளில் பெருநாள் காசு. "நான் பத்திரமாக வைச்சிருக்கிறன்" என்று வாங்கி அம்மாவின் கைப்பைக்குள் போட்டால் அது திரும்பி வராது என்று எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். பாதியை உண்டியலில் போடச் சொல்லுங்கள், பாதியைக் கையில் விடுங்கள். அந்தக் காசில் அது வாங்குவது பெரும்பாலும் குப்பையாகத்தான் இருக்கும். வீட்டு வாசலுக்குப் போவதற்குள் உடைந்துவிடும் ஊதுகுழல் ஒன்று என் கடையிலேயே தொங்குகிறது. விற்கும் நானே சொல்கிறேன், வாங்கட்டும். உடைந்ததும், "நான் அப்பவே சொன்னனான்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மிச்சக் காசைக் கோவில் வாசலில் இருக்கும் கிழவருக்குப் போட்டுவிட்டு வரும் பிள்ளைகளும் உண்டு. நல்ல மனம்தான், ஆனால் வீட்டுக் காசு. கொடுத்ததற்கு ஏசாதீர்கள். யாருடைய காசு என்று மட்டும் கேளுங்கள். அடுத்த முறை தன் காசிலிருந்து பத்து ரூபாய்க் குற்றி ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பட்டும். அதன் பிறகும் அதே கிழவருக்குப் போடும் பிள்ளை இருக்கிறது, போடாமல் டொபி வாங்கும் பிள்ளையும் இருக்கிறது. இரண்டும் எனக்குப் பழகிய பிள்ளைகள்தான், இரண்டும் நல்ல பிள்ளைகள்.

ஒன்பது, பத்து வயதாகும்போது இரண்டு மூன்று சாமானாகக் கூட்டுங்கள். பாதசாரிக் கடவையில் காலி வீதியைக் கடக்க உங்களோடு சேர்ந்து பழக்குங்கள். பிறகு மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போய்க் கத்தரிக்காயை அதுவே பார்த்துப் பொறுக்கட்டும். சொத்தை ஒன்று வந்தால் வரட்டும். முட்டைக்கு மட்டும் கொஞ்சம் பொறுங்கள். அனுப்பத்தான் வேண்டும் என்றால் பிளாஸ்டிக் பெட்டியும் கொடுத்து அனுப்புங்கள், கிழங்கு வாங்கும் அன்றைக்கு முட்டை வேண்டாம்.